பீர்க் கடைப் பக்கம்

அக்டோபரிலும் லூசியானாவில் வெயில் கொளுத்தியது. கம்போ சூப் விழாக் கூட்டத்துக்குள் ஓடில் தன் கணவன் ஆல்சிட்டைத் தேடிப் பதற்றத்துடன் அலைந்தாள்.

சூப் அண்டாக்கள் பக்கம் அவன் இல்லை. அக்கார்டியன் வாசித்த மேடையருகிலும் இல்லை. மிச்சம் இருந்தது பீர்க் கடைதான். அந்த வாசனை எட்டியதுமே அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டாள். "வெர்னா, என் வீட்டுக்காரர் இங்க வந்தாரா?"

"ரெண்டு தடவை வந்துட்டாரு. இப்பதான் போனாரு. புருஷனைக் கயித்துல கட்டி வெச்சுக்கடி!" என்று கடைக்காரி சிரித்தாள்.

ஓடிலுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி ஓடினாள். ராட்டினத்தருகே எதிரே வந்த ஆல்சிட்டின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே போய்த் தொலைஞ்சே? பீர்க் கடையில உனக்கு என்ன வேலை?"

"உன்னைத்தான் தேடினேன்." அவன் குனிந்து அவள் மூச்சை முகர்ந்தான். "நீ குடியை விட்டு ஏழு மாசம் ஆச்சு, ஓடில். இன்னிக்கு..."

"தொடலை," என்றாள் அவள். "இன்னும் ஒரு நிமிஷம் தனியா நின்னிருந்தா தொட்டிருப்பேன். அதான் உன்னைத் தேடி ஓடினேன். என் கையை விடாதே."