மைனஸ் ஒன்று

"ரீம், கூட்டலையும் கழித்தலையும் மாத்திப் போட்டுட்டே. பதினாலாம் நம்பரைப் பாரு, தலைகீழா நிக்குது."

பேராசிரியை நஜ்லா பேனாவால் திரையைத் தட்டினார். ஜோர்டானின் அம்மான் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வுக்கூடம் அவருடையது. முடிவுகளை மாலை ஐந்துக்குள் மாநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

ஸ்கேனருக்குள் படுத்திருக்கும் இளைஞனுக்குத் தன் அம்மாவின் குரலும், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலும் மாறி மாறிக் கேட்கும். அம்மாவுக்கு ஒன்று, அந்நியக் குரலுக்கு மைனஸ் ஒன்று என்று கொடுத்தால் கணினி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டும். அம்மாவின் குரலுக்கு மூளை அதிகம் கிளர்ந்தால் சிவப்பு. அந்நியக் குரலுக்கென்றால் நீலம்.

இருபது பேரில் பத்தொன்பது பேருக்குச் சிவப்பு. பதினாலு மட்டும் நீலம்.

"மாத்தலை டாக்டர். எல்லாருக்கும் ஒரே கணக்குதான். மூணு தடவை சரிபார்த்துட்டேன்" என்றாள் ஆய்வு மாணவி ரீம்.

நஜ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெத்தவளைவிட எவளோ ஒருத்தி குரல் உசத்தியாப் போச்சா இந்தப் பயலுக்கு? ஆமா, அந்நியக் குரலுக்கு யாரைப் பேச வச்சே?"

"நான்தான் பேசினேன். அம்மா ஃபோன்ல அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணை ஒவ்வொருத்தரும் கொண்டுவந்தாங்க. அதே வாக்கியத்தை நானும் பேசிப் பதிவு பண்ணினேன்."

நஜ்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏறிட்டார். "அடி கள்ளி! அப்போ இவனுக்கு உன்னைத் தெரியும்."

ரீமின் காது மடல்கள் சூடாயின. "அன்னிக்கு ஒரு ஆள் வரலை டாக்டர். அவசரத்துக்கு இவரைக் கூப்பிட்டேன். தப்புதான். இவரை எடுத்துட்டு மறுபடி ஓட்டிடறேன், அரை மணி நேரம் போதும்."

"எடுத்துடு. தெரிஞ்ச குரல் எப்படி அந்நியக் குரலாகும்? அது கிடக்கட்டும், எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"வீட்டுல சொல்லியாச்சா?"

"எங்க வீட்டுல தெரியும். அவருக்குத்தான் அவங்க அம்மாகிட்ட வாயைத் திறக்கப் பயம்."

"அப்படி என்ன ராட்சசி அவ? நம்பரைக் கொடு, நான் பேசறேன். உன்னை மாதிரி ஒரு பொண்ணு கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

ரீம் பதினாலாம் நம்பரைப் பட்டியலிலிருந்து நீக்க மவுஸை நகர்த்தினாள்.

"எதுக்கும் அந்த அம்மாவோட பதிவைக் கேட்டுடுவோம். சத்தம் கம்மியா இருந்தாலும் இப்படி நீலம் வரலாம்" என்றபடி நஜ்லா ஹெட்ஃபோனை மாட்டினார்.

"வேண்டாம் டாக்டர்..."

அதற்குள் பதினாலாம் பதிவு ஓடத் தொடங்கிவிட்டது.

"ஜவாத், என் உயிரே, நோன்பு திறக்கறதுக்குள்ள ரெண்டு கிலோ கத்தாயிஃப் இனிப்பு வாங்கிட்டு வந்துடு."

போன ரமலானில் நஜ்லா தன் ஒரே மகனுக்கு அனுப்பிய செய்தி அது.