கண் திறக்காத கிளைடர்

"கண்ணு மட்டும் வேண்டாம்வே, ஆசாரி."

தளவாய் மறுபடியும் அதையே சொன்னதும் முப்பிடாதி ஆசாரிக்குச் சுருக்கென்றது. தென்காசி வட்டாரக் கோயில்களுக்குக் குதிரையும் யானையுமாய் வாகனம் செய்த கை. கண் திறந்தால்தானே வாகனத்தில் சாமி ஏறும்? தளவாய் கேட்டதோ, தன் மகன் குற்றால மலையிலிருந்து பறந்த கிளைடரைப் போலவே, எஞ்சினில்லாமல் காற்றில் மிதக்கும் அந்த விமானத்தைப் போலவே, மரத்தில் ஒன்று, பாதி அளவில்.

"வீட்டுல நிக்கப்போற பொம்மைக்குக் கண்ணு எதுக்குவே?" என்றபடி தளவாய் வண்டிக்காரனைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.

"படிச்ச திமிரு" என்று முனகிய ஆசாரி, உளியை எடுத்து மூக்கின் இருபுறமும் கண்ணைத் திறந்துவிட்டார்.

வாலை ஊன்றி நின்ற கிளைடர், ஆள் ஏறி உட்கார்ந்ததுபோல் மெல்ல மூக்கைத் தாழ்த்தியது. இருக்கையில் யாருமில்லை. காற்றும் இல்லை.

தளவாய் ஓடிவந்து இறக்கையைக் கட்டிப் பிடித்தார்.

"கெடுத்தீரேவே! போன ஆடியில இதே மாதிரி ஒண்ணுலருந்து விழுந்துதான் எம்புள்ள செத்தான். பாத்துக்கிட்டாவது இருப்போம்னு செய்யச் சொன்னேன். கண்ணத் தொறந்தா மறுபடியும் பறக்க ஏறிருவான்னுதான வேண்டாம்னேன்!"

அவர் பிடிக்குள் இறக்கை உதறியது.

காலி இருக்கையைப் பார்த்துக் கதறினார்: "எறங்குலே ராசா! அப்பா சொல்லுதேம்லா, எறங்குலே!"