நாவலைத் தின்ற வைரஸ்

"வைரஸ்தான்ப்பா! பார்த்தாலே தெரியலையா?" என்றாள் நாவல் சாரின் மனைவி.

மெக்கானிக் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே இல்லையேம்மா" என்றான்.

நாவல் சார் தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன், மகள் கல்யாணத்தில், "ரிட்டயர் ஆகி என்ன பண்றீங்க?" என்று சம்பந்தி கேட்க, "நாவல் எழுதறேன்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தி சொந்தமாக அச்சகம் வைத்திருப்பவர், விடுவாரா? "முடிஞ்சதும் நான்தான் அச்சடிப்பேன்" என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் நாவல் சார்.

அதிலிருந்து தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கதவைச் சாத்திக்கொண்டு கீபோர்டைத் தட்டுவார். அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழக்கூடாது. போன மாதம் போனில், "நானூத்திப் பன்னிரண்டு பக்கம் ஆச்சு சம்பந்தி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். "போதும், போதும். நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன்" என்று சம்பந்தி நாள் குறித்துவிட்டார்.

இன்று மாலை ஐந்து மணிக்கு வருகிறார். நேற்று சாயங்காலத்திலிருந்து வேர்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"ஆறு வருஷ உழைப்பு தம்பி! கிடைச்சிடுமா?" நாவல் சார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் நடுங்கியது.

"கவலையே வேண்டாம் சார். என் கைக்கு வந்த கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் தொலைஞ்சதா சரித்திரமே கிடையாது."

"ஓ... கிடையாதா?" என்றவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், மனிதர் சந்தோஷத்தைக்கூடத் தாங்க முடியாத நிலையில் இருக்கிறார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

வேர்டைத் தட்டினான். "தொடக்கத்தில் பிழை. ஃபைல் பழுதாகியுள்ளது" என்று ஒரு பெட்டி வந்தது. 'சரி'யை அழுத்தினால் மூடிக்கொண்டது. மறுபடி தட்டினான். மறுபடியும் அதே கதை.

"என்ன சார், என்டர் பட்டன் மட்டும் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு? மத்ததெல்லாம் கடையில வாங்கின மாதிரியே இருக்கே?"

"பத்தி பத்தியா எழுதறேன்ல" என்றார் நாவல் சார் சட்டென்று.

வைரஸ் தேட விட்டான். நாற்பது நிமிடம் ஓடியது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எதுக்குப்பா இவ்ளோ மெனக்கெடறே? பேசாம எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் குடு."

"அம்மா! சாரோட நாவல் உள்ளே இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். வீட்டுக்குள்ள வைரஸ் இருக்கக் கூடாது."

"கேட்டுக்கோ தம்பி. இந்த வீட்ல எழுத்துக்கு இருக்கிற மரியாதை இதுதான்" என்று நாவல் சார் பெருமூச்சு விட்டார்.

தேடல் முடிந்தது. "வைரஸ் ஒண்ணும் இல்லையே" என்றான் மெக்கானிக்.

"இல்லைன்னு எப்படிச் சொல்றே? நல்லாத் தேடு" என்றாள் அவள். இப்படி வைரஸுக்கு வக்காலத்து வாங்குகிற வீட்டை அவன் பார்த்ததே இல்லை.

போன் அடித்தது. சம்பந்தி தெருமுனைக்கு வந்துவிட்டாராம். நாவல் சார் வெளிறிய முகத்தோடு பால்கனிக்குப் போனார்.

மெக்கானிக் கன்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேர்டைத் திறந்தான். சமர்த்தாகத் திறந்தது. அப்படியென்றால் வேர்டு கிளம்பும்போது கூடவே ஏதோ ஒன்று தொற்றிக்கொண்டு வருகிறது. ஸ்டார்ட்டப் ஃபோல்டரைப் பார்த்தான். வாஷிங் மெஷின் கையேட்டு ஃபைல் ஒன்று, வேர்டு ஃபைல் மாதிரி பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைத்த நேரம், நேற்று மதியம் இரண்டு இருபது.

"சார் மதியம் தூங்குவாராம்மா?"

"ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும்" என்றவள் சுவரைப் பார்த்தாள்.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதானா? அந்த மனுஷன் ஆறு வருஷமா உயிரைக் குடுத்து எழுதினதை..."

"மெதுவாப் பேசு. மக போன்ல சொல்லிக் குடுத்தா, நான் செஞ்சேன்."

"குடும்பமே கூட்டா?" என்றபடி கையேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நாவலைத் திறந்தான். அவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கப் போனாள். அதற்குள் முதல் பக்கம் வந்துவிட்டது.

'நனைந்த தபால். நாவல். இத்தனை நாள் சத்தம் போடாத என் மனைவிக்கு.'

அடுத்த பக்கத்துக்குப் போனான். வெள்ளையாக இருந்தது. பத்தாவது பக்கமும் வெள்ளை, நூறாவதும் வெள்ளை. கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தான். கீழே கம்ப்யூட்டர் கணக்குக் காட்டியது: பக்கங்கள் 412, சொற்கள் 9.

மெக்கானிக்கின் பார்வை தேய்ந்துபோன என்டர் பட்டனில் வந்து நின்றது.

"கீபோர்டைத் தினமும் துடைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள் மெல்ல. "சம்பந்தி முன்னாடி அவர் தலை குனியக் கூடாதுப்பா. எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

வாசலில் காலிங் பெல் அடித்தது. "தம்பி... கிடைச்சிடுச்சா?" என்று பால்கனியிலிருந்து அதே நடுங்கும் குரல் கேட்டது.

மெக்கானிக் தன் சரித்திரத்தை ஒரு முறை நினைத்துப் பார்த்தான். பிறகு நாவலை அழித்துவிட்டு, வாசலில் நிற்கும் சம்பந்திக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்: "எல்லாம் போச்சு சார்! நானூத்திப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாம வைரஸ் தின்னுடுச்சு!"