லாக்கர் நம்பர்

மறுபடியும் சிவப்பு விளக்கு.

கப்பல் அறையின் லாக்கரில் கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தாள். மகளின் பிறந்தநாள். புருஷன் பிறந்தநாள். தன் பிறந்தநாளை அழுத்தும்போதே அது இருக்காது என்று தெரிந்தது.

ஐந்து முறை தப்பினால் அரை மணி நேரத்துக்கு அந்த லாக்கர் யார் பேச்சையும் கேட்காது.

உள்ளே இரண்டு பாஸ்போர்ட். ஒன்று அவளுடையது. மற்றது புருஷனுடையது.

திருகோணமலையில் கப்பலை விட்டு இறங்க அசல் வேண்டாம், நகல் போதும் என்று முந்தின நாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். அவன் போய் நகல் எடுத்து வந்தான். காலையில் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினான்.

அவனுடையது மட்டும்.

"ஒனக்கு எடுக்க மறந்துட்டேன். லாக்கர் நம்பரும் இப்ப ஞாபகம் வரமாட்டேங்கு. நீ ரெஸ்ட் எடு."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்தால் ஒரு நிமிடத்தில் நகல் எடுத்துத் தருவதாக வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். லாக்கரை மட்டும், அறை யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொன்னால்தான் திறப்பார்களாம். சார் வரட்டும் மேடம் என்றாள். போகும்போதெல்லாம் அதையே சொன்னாள்.

பால்கனியில் நின்றால் துறைமுக வாசல் தெரிந்தது.

வாசலுக்கு வெளியே ஒரு மஞ்சள் குடை.

முகம் தெரியவில்லை. மஞ்சள் குடை பிடித்து நிற்பேன் என்று அக்கா மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

போன் அடித்தது. ஜெபா அக்கா. அவள் எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று சொல்வது?

அப்பா செத்த வீட்டில்தான் கடைசியாகப் பார்த்தது. இலங்கையில் கட்டிக்கொடுத்த அக்கா, அடக்கம் முடிந்த கையோடு, இந்த ஆளோட எதுக்குட்டி கெடக்க, என்கூட வந்துரு என்றாள். அவன் பக்கத்தறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் வருடக்கணக்கில் அக்கா பேச்சை எடுக்கவே அவன் விடவில்லை.

போன மாதம் அவனே கப்பல் டிக்கெட்டைக் கொண்டு வந்தான். ஒன் அக்காவையும் பாத்துட்டு வந்துருவோம் என்றான்.

அவள் நம்பினாள். தூத்துக்குடி மக்ரூன் இரண்டு பெட்டி வாங்கி, நொறுங்காமல் இருக்க அக்காவுக்கு எடுத்த சேலைக்குள் சுற்றி வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

நம்பினோமே என்பதுதான் இப்போது அவளுக்குப் பொறுக்கவில்லை.

சோதனை வரிசை முடிந்து அவன் இப்போதுதான் வாசலைத் தாண்டினான். நேராக மஞ்சள் குடையிடம் போனான். கையை நீட்டிக் கப்பலைக் காட்டினான். அவளுக்கு வர இஷ்டமில்லை என்று சொல்லியிருப்பான். வேறென்ன சொல்வான்?

பிறகு தனியாக ஓர் ஆட்டோ பிடித்துக் கிளம்பினான். கப்பல்காரர்களின் பஸ்ஸில் கூட்டத்தோடு போவது அவனுக்குப் பிடிக்காது.

குடை அங்கேயே நின்றது. வெயில் ஏறியது. வெயில் சாய்ந்தது.

சாயங்காலம் பஸ்கள் எல்லாம் திரும்பி வந்தன.

ஆட்டோ வரவில்லை.

கப்பலின் பஸ் என்றால் காத்திருப்பார்கள். ஆட்டோவுக்காகக் கப்பல் காத்திருக்காது. ஏணியை எடுத்துவிட்டார்கள். சங்கு ஊதியது.

அறைக்கதவைத் தட்டி ஓர் அதிகாரி வந்தார். சார் கரையில் மாட்டிக்கொண்டார். சாயங்காலத்தோடு அவருடைய அனுமதி முடிகிறது. பாஸ்போர்ட்டைக் கொடுத்தால், கப்பலுக்கு வழிகாட்ட வந்திருக்கும் படகிலேயே கரைக்கு அனுப்பிவிடலாம். நாளைக்கு விமானம் ஏறிவிடுவார். இல்லாவிட்டால் அவர் பாடு கஷ்டம். மாஸ்டர் சாவி வருவதற்குள் படகு போய்விடும்.

அப்போது போன் அடித்தது. ஜெபா அக்கா.

இந்த முறை எடுத்தாள். அவன் குரல்.

"ஏட்டி! என் போன் செத்துப்போச்சு. லாக்கர் நம்பரைச் சொல்லுதேன், போடு. என் மொத பைக் நம்பர்! ஏழு, நாலு, ரெண்டு, ஒம்போது!"

காலையில் மறந்துபோன நம்பர்.

அவள் லாக்கர் முன்னால் உட்கார்ந்தாள். அதிகாரி பின்னால் நின்றார்.

ஏழு. நாலு. ரெண்டு.

"ஒம்போது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எட்டை அழுத்தினாள்.

சிவப்பு.

"செவப்பாத்தாங்க வருது."

அவன் கத்தினான். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னான். அவளும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். எட்டை அழுத்தினாள்.

ஐந்தாவது முறை லாக்கர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் வரவேற்பில் நின்றது அவருக்கும் தெரியும். நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனில் கொஞ்ச நேரம் அவன் மூச்சிரைப்பு. பிறகு அக்கா.

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தாம்ட்டி நிக்கேன்."

அக்காவின் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. மக்ரூன் பெட்டியைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். அதற்குள் அக்காவே பேசினாள்.

"இவரைப் போலீஸ்காரங்க பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நான் என்னட்டி செய்ய?"

கரை நகரத் தொடங்கியிருந்தது. மஞ்சள் குடை சிறியதாகிக்கொண்டே போனது.

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லுக்கா."

அரை மணி நேரம் காத்திருந்தாள். ஏழு, நாலு, ரெண்டு, ஒன்பது. பச்சை.

தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பூட்டுவதற்குப் புது நம்பர் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு நான்கு முறை அழுத்தினாள்.

என்ன நம்பர் என்று அவளும் பார்க்கவில்லை.