பதில் பேசியவன்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஓர் ஓட்டல். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேசையைத் தட்டினார்.

"டேய், காபியாடா இது? கழனித்தண்ணி!"

"வாடா போடான்னு பேசாதீங்க. வேற காபி தரேன்," என்றான் சர்வர் தர்மராஜ்.

அவர் நேராக முதலாளியிடம் போனார். "இன்னா திமிருங்க இவனுக்கு! இவனை வெச்சிருந்தா ஒருத்தனும் உள்ள வரமாட்டான்."

முதலாளி விசாரிக்கவேயில்லை. பல வருஷம் உழைத்தவனை அந்த நிமிஷமே வெளியே போகச் சொன்னார். தர்மராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினான்.

அவன் தலை மறைந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் கைகட்டி நின்றார்.

"அந்த வேலைய எனக்குக் குடுங்க மொதலாளி."

"முன்னே எங்க இருந்தே?"

"பக்கத்துல நந்திதுர்க்ல, ஒரு மெஸ்ல சர்வருங்க. சாப்பிட வந்தவன் டேய்னான். மரியாதையா பேசுன்னேன். அதுக்குப் போயி அநியாயமா தொரத்திட்டாங்க!"