மைக்கை விடாத சலூன்காரர்

"பஸ் ஸ்டாப்புல பெஞ்சு போடுவீங்களா, மாட்டீங்களா?"

சலூன்காரர் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இது பதினோராவது கேள்வி.

"போடுவோம் சார்," என்றார் அதிகாரி. பொறுமையான பெண்மணிதான். ஆனால் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சாஞ்சுக்கிற மாதிரியா, சாய முடியாத மாதிரியா?"

விஷயம் இதுதான். பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை போடப்போகிறார்கள். நெரிசலில் மாட்டாமல் பறக்குமாம். இந்தப் பக்கம் ஒரே ஒரு ஸ்டாப்தான். அது கடைவீதியிலா, அல்லது ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தின் வாசலிலா என்று மக்களைக் கேட்கிறார்கள். பதிவேட்டில் எதற்குக் கையெழுத்து அதிகமோ, ஸ்டாப் அங்கே.

இது கடைசிக் கூட்டம். வந்திருந்த இருபது பேரும் கடைக்காரர்கள். சலூன்காரரைத் தவிர எல்லோரும் கடைவீதிக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சலவைக்கூடத்துக்கு ஒன்றுகூட இல்லை.

ஆறு மணிக்குப் பதிவேட்டை மூட வேண்டும். ஆனால் யாராவது மைக்கில் பேசிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை மூடக்கூடாது என்பது விதி. மனுஷன் சரியாக ஐந்து ஐம்பதுக்கு எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"பஸ்ஸுக்கு என்ன கலர் மேடம்?"

"இன்னும் முடிவாகலை."

"டிரைவருக்கு முடி வெட்டிக்க லீவு உண்டா?"

மருந்துக்கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. எழுந்தே விட்டார்.

"யோவ், கடையில பிளேடு போடறது பத்தாதா? ஸ்டாப்பு வரப்போறதே உன் கடை வாசல்ல. கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பேன்யா."

"ஒரே நிமிஷம் அண்ணே. மேடம், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்?"

இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். மைக் கிடைத்தால் சில பேருக்குத் தலைகால் புரியாது என்று அதிகாரி நினைத்துக்கொண்டார்.

ஆறு இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது.

முப்பது பெண்கள் இருக்கும். சலவைக்கூடத்து நீலச் சட்டை. மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள்.

"மூடிட்டீங்களா மேடம்?" என்றாள் முன்னால் நின்றவள். "அஞ்சரைக்குத்தான் வேலை விட்டாங்க. வந்த ரெண்டு பஸ்ஸும் நிக்காமப் போயிடுச்சு. நடந்தே வந்தோம்."

சலூன்காரர் மைக்கை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு வேற கேள்வி இல்ல மேடம்," என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

அதிகாரிக்கு இப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்தது. அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "போச்சு, எல்லாம் போச்சு," என்று உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுல யாராவது அங்க வேலை பாக்கறாங்களா?" என்று சலூன்காரரிடம் மெதுவாகக் கேட்டார் அதிகாரி.

"இல்லியே மேடம்."

சரி, நல்ல மனசு என்று நினைத்து, சலவைக்கூடத்துப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினார். அவர் அதை ஒதுக்கிவிட்டு, கடைவீதிப் பக்கத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சார் இது? ஸ்டாப் உங்க வாசல்லதான் வேணுமா?"

"பின்ன? வேணாம்னு யாராவது சொல்லுவாங்களா? நாலு பேர் கடைக்கு வருவாங்களே."

"அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் இழுத்தீங்க? ஆறு மணிக்கே மூடியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

"போன ரெண்டு கூட்டத்துக்கும் இப்படித்தான் ஓடி வந்தாங்க. கதவு பூட்டியிருந்துச்சு. எதிர்லதானே என் கடை, பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." சலூன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்களை வெளிய நிக்க வச்சுட்டு ஜெயிச்சா, நாளைக்கு அதே பஸ்ஸுல அவங்க பக்கத்து சீட்டுல எந்த மூஞ்சியோட மேடம் உக்காருவேன்?"