முதல் நோட்டு

டிப்ஸ் டப்பாவுக்குள் கையை விட்டு அந்த அம்மாள் நூறு ரூபாயை உருவியதை இளங்கோவன் இன்றைக்கும் பார்த்துவிட்டார். தொடர்ந்து மூன்றாவது நாள்.

மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருக்கும் அந்த டிபன் சென்டரில் எல்லாமே செல்ஃப் சர்வீஸ். கவுன்ட்டரில் டோக்கன் வாங்கி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு போய், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் டிப்ஸ் எதற்கு என்பது ரயில்வே ஆபீஸில் சூப்பரின்டென்டென்டான இளங்கோவனின் நெடுநாள் கட்சி. தட்டைத் தூக்குவது நான், அப்படியானால் டிப்ஸை எனக்கல்லவா தர வேண்டும் என்று ஆபீஸிலும் இந்த வரிசையிலும் பல முறை கேட்டிருக்கிறார். கீழே வேலை செய்பவர்கள் பல முறை சிரித்திருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர் மூன்று மாதமாக தினமும் இருபது ரூபாய் போடுகிறார். என்ன திடீரென்று, என மனைவி காஞ்சனா கேட்டதற்கு, பாவம், ஏழைகள், மனசு கேட்கவில்லை என்றார். காஞ்சனா அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

போடுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். நோட்டை மடித்துத் திணிக்க மாட்டார். விரித்துப் பிடித்து, கவுன்ட்டர் பெண் சாஹித்யா நிமிர்ந்து பார்த்த பிறகுதான் விடுவார்.

இப்படித் தர்மம் செய்கிற காசில் ஒருத்தி கைவைத்தால் வயிறு எரியாதா?

அந்த அம்மாளின் பெயர் லூர்துமேரி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. வரிசையில் நின்று, எல்லோரும் பார்க்க நூறு ரூபாய் போட்டுவிட்டு ஒரு பிளேட் இட்லி வாங்குவார். சாப்பிட்டு முடித்து, கூட்டம் கொஞ்சம் விலகியதும், டிஷ்யூ எடுக்கிற சாக்கில் வந்து ஒரு நூறை உருவிக்கொண்டு நடையைக் கட்டுவார். பெரிய இடத்து அம்மாள் என்று நினைத்து இத்தனை நாள் வணக்கம் வேறு சொல்லிவிட்டோமே என்பது இளங்கோவனுக்குத் தனி எரிச்சல்.

இன்று வழியை மறித்து நின்றுவிட்டார்.

"கைல என்னம்மா?"

லூர்துமேரி நோட்டை மறைக்கவில்லை. முகம் மட்டும் சிறுத்துப் போயிற்று.

நாலு பேர் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் தோசையோடு வந்தார்கள். ஒருவர் போனில் படம் எடுக்க ஆரம்பித்தார். மானேஜர் சுனில் ஓடி வந்து, போகட்டும் விடுங்கள் சார் என்று இந்தியில் கெஞ்சினார்.

"எதுக்கு விடணும்? ஏழைங்க காசு. போலீசக் கூப்பிடு."

சாஹித்யா தெலுங்கில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லூர்துமேரி அவளைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். அதையும் இளங்கோவன் பார்த்தார். ஓஹோ, இவளுக்கும் பங்கு உண்டா என்றார்.

எச்சில் தட்டு எடுக்கும் தங்கம் ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"அது அவங்க நோட்டு சார். வரும்போது போட்டதத்தான் திரும்ப எடுக்கறாங்க."

"சும்மா இரு தங்கம். வெளிய தெரிஞ்சா நாளையிலேருந்து யார் போடுவாங்க?" என்றார் லூர்துமேரி.

"போடாட்டி போகட்டும்மா. உங்களத் திருடின்னு சொல்றதக் கேட்டுக்கிட்டு நான் தட்டு கழுவணுமா?"

அப்புறம் தங்கமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். லூர்துமேரி பக்கத்துத் தெருவில் புடவைக்கு ஃபால் தைப்பவர். தினம் நூறு ரூபாய் கொடுக்கிற வசதியெல்லாம் கிடையாது. டப்பா வைத்த புதிதில் அதில் விழுந்தது பல்குச்சியும் பஸ் டிக்கெட்டும்தான். காஸ் சிலிண்டருக்குக் காசில்லாமல் தங்கம் ஒரு நாள் இங்கேயே நின்று அழுதாள். அன்றைக்கு அந்த அம்மாளுக்கு வந்த யோசனை இது. முன்னால் நிற்பவர் நூறு போட்டால், பின்னால் நிற்பவருக்கு வெறுங்கையோடு நகரக் கூசும். நன்றாகவே கூசியது. போனில் பணம் கட்டுகிறவர்கள்கூட பக்கத்து ஆளிடம் கைமாற்று வாங்கிப் போட்டார்கள். அந்த மாதமே தங்கம் வீட்டுக்கு சிலிண்டர் வந்துவிட்டது.

படம் எடுத்தவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இளங்கோவனுக்குத்தான் எப்படி இறங்கி வருவதென்று தெரியவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் கத்தியாயிற்று, இனி கத்தி முடித்தால்தான் மரியாதை.

"இதுவும் மோசடிதான். ஒரு நோட்டக் காட்டி ஊரயே ஏமாத்தறது. அடுத்தவன் போட்டதப் பார்த்துட்டுப் போடறவன் எவன்? சொந்த புத்தி இருக்கறவன் எவனாவது இதுல விழுவானா? ஒரே ஒரு ஆளக் காட்டு பார்க்கலாம்."

தங்கம் லூர்துமேரியைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவர் கண்ணைக் காட்டினார். சாஹித்யா சட்டென்று குனிந்து டோக்கன்களை அடுக்க ஆரம்பித்தாள்.

தங்கம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கோச்சுக்காதீங்க சார். நீங்க ஒருத்தர் போட்டுட்டா மெட்டுகுடாவே போட்டுடும்னு சொல்லித்தான், அம்மா தெனமும் உங்களுக்கு முன்னாடி வந்து வரிசைல நின்னாங்க."